கார் எஞ்சினுக்கு மின்பொறி தந்த சார்லஸ் கெட்டரிங்: சாதனையும் சறுக்கலும்

எஞ்சினுக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் எழ வேண்டும் என்று இன்று கார் ஓட்டுவோர் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைக் கணினி கவனித்துக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அது ஓட்டுநரின் கைவேலையாக இருந்தது. கவனம் தவறினால் கை எலும்பு முறியும். அந்த அபாயத்தை நீக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். ஈயம் கலந்த பெட்ரோலை உலகுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரும் அவரே.

கெட்டரிங் 1876 ஆகஸ்ட் 29 அன்று ஒஹையோ மாநிலத்தின் லூடன்வில் அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பார்வைக் குறைபாட்டால் அவரது கல்வி இடையில் தடைபட்டது. பள்ளி ஆசிரியராகவும், தொலைபேசிக் கம்பி அமைக்கும் குழுவிலும் பணியாற்றிய அவர், 1904-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் டேட்டன் நகரின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்து, கடைகளின் பணப்பதிவு இயந்திரத்தை மின்மோட்டாரால் இயங்கச் செய்தார்.

நெம்புகோலும் முறிந்த கைகளும்

பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி எழுந்தால்தான் எஞ்சின் முழு ஆற்றலைத் தரும். வேகம் கூடக்கூட அந்தப் பொறி இன்னும் முன்னதாக எழ வேண்டும். இதற்காகவே ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களில் ஸ்டீயரிங் அருகே ஒரு நெம்புகோல் இருந்தது. கிராங்க் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் முன், அந்த நெம்புகோலை நகர்த்திப் பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி திருப்பி அடித்துக் கையை முறிக்கும்.

கெட்டரிங் தம் நண்பர் எட்வர்ட் டீட்ஸுடன் இணைந்து 1909-இல் டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். டீட்ஸ் வீட்டுக் கொட்டகையே தொடக்ககால ஆய்வுக்கூடம். அங்கு உருவான பேட்டரி பற்றவைப்பு முறையைக் காடிலாக் நிறுவனம் ஏற்றது. பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தைச் சுருள் ஒன்றின் வழியே பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்கில் பொறியை எழுப்பும் அம்முறை, 1970-கள் வரை உலகெங்கும் பெரும்பாலான கார்களில் நீடித்தது.

அடுத்து வந்தது மின்சார ஸ்டார்ட்டர். எஞ்சினைச் சுழற்றப் பெரிய மோட்டார் தேவை என்று பலர் கருதினர். சில விநாடிகள் மட்டும் இயங்க வேண்டிய மோட்டார் சிறியதாக இருந்தாலும் போதும் என்பதைப் பணப்பதிவு இயந்திர அனுபவம் கெட்டரிங்குக்கு உணர்த்தியிருந்தது. 1912 மாடல் காடிலாக் கார்களில் இடம்பெற்ற ஸ்டார்ட்டர், கிராங்க் கைப்பிடிக்கு விடை கொடுத்தது. உடல் வலிமை குறைந்தோரும் தனியே காரைக் கிளப்ப முடிந்தது.

ஈயத்தின் நிழல்

அக்கால எஞ்சின்களில் நாக்கிங் எனும் தட்டல் ஓசை பெருந்தொல்லையாக இருந்தது. பொறியைத் தாமதப்படுத்தினால் ஓசை அடங்கும். ஆனால் ஆற்றலும் குறையும். கெட்டரிங்கின் பற்றவைப்பு முறையே இதற்குக் காரணம் என்று சிலர் குறைகூறினர். குறை எரிபொருளில்தான் உள்ளது என்று நிறுவ அவர் முற்பட்டார். 1920 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமையேற்ற அவரின்கீழ் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயம் நாக்கிங்கைத் தடுப்பதைக் கண்டறிந்தார்.

எத்தனாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பதை அந்த ஆய்வுக்கூடம் அறிந்திருந்தது. எனினும், மிகச் சிறிதளவே போதுமானதும் காப்புரிமை பெறத்தக்கதுமான ஈயமே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈயம் நஞ்சு என மருத்துவர்கள் எச்சரித்தனர். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஈய நச்சால் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். 1925-இல் நிறுத்தப்பட்ட விற்பனை அடுத்த ஆண்டே மீண்டும் தொடங்கியது. ஈயப் பெட்ரோலை விற்ற எத்தில் நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்தவர் கெட்டரிங்.

ரயில் எஞ்சின்களுக்கான டீசல் ஆய்வுகளையும் முன்னெடுத்த அவர், 1947-இல் ஓய்வு பெற்றார். நியூயார்க்கில் 1945-இல் நிறுவப்பட்ட ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அவர் பெயரையும் தாங்குகிறது. 1958 நவம்பரில், 82-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் தொடங்கிய டெல்கோவின் வழிவந்த பிரிவே, பொறியின் நேரத்தை நுண்செயலியால் கட்டுப்படுத்தும் முறையை 1977 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காருக்கு உருவாக்கியது. நாக்கிங் தொடங்கியதுமே உணரி அதனை அறிந்து பொறியைத் தாமதப்படுத்தும் வசதியும் பின்னர் பரவலானது. ஓட்டுநரின் நெம்புகோல் செய்த பணியை இன்று கணினி செய்கிறது.

ஈயமோ மெதுவாகவே விடைபெற்றது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. கார்களுக்கான அதன் விற்பனையை உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. கெட்டரிங்கின் ஆய்வுக்கூடம் அன்று ஒதுக்கிவைத்த எத்தனால், இன்று இந்தியப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கப்படுகிறது.