காவிரியைக் கற்ற பொறியாளர்

கல்லணையைக் கடந்து கிழக்கே வரும் காவிரி, திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி என்னும் கிளையைப் பிரித்துவிட்டுத் தஞ்சை நாட்டினுள் மேலும் செல்கின்றது. இவ்வாறு ஒன்று பலவாகிப் பாயும் ஆற்றிலே தலைப்பில் நீர் குறைந்தால், கடைமடைவரை வயல்கள் வறளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய இடுக்கண் தஞ்சைக்கு நேர்ந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்து அறிந்து, தீர்வும் கண்டவர் சர் ஆர்தர் காட்டன் ஆவார்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே படைத்துறைப் பொறியியல் பயின்று, 1821இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பாம்பன் கால்வாயை அளந்தறிதல், ஏரிகளைச் செப்பனிடுதல் முதலிய பணிகளில் சில ஆண்டுகள் கழிந்தன. பின்பு காவிரியின் நிலையை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்தே.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவு மிக்கது, கடலுக்குச் செல்லும் வழியும் குறுகியது. பள்ளத்தை நாடுவது நீரின் இயல்பன்றோ? ஆகவே, வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே கடலில் சென்று வீழ்ந்தது. காவிரியில் சென்ற நீரோ விரைவு குன்றியமையால், தான் சுமந்து வந்த மணலை ஆங்காங்கே படியவிட்டது. மணல் மேடிட மேடிட நீர் குறைந்தது. நீர் குறையக் குறைய மணல் மேலும் மேடிட்டது. உழவர்கள் எவ்வளவு தூர்வாரினும் அடுத்த வெள்ளம் மீண்டும் மணலைக் கொணர்ந்தது.

இக்குறையைக் களைய, 1804இல் கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் கல்லணையின் உயரத்தைக் கூட்டினார். (மொழிநூல் வல்லாராகிய கால்டுவெல் வேறு, இவர் வேறு.) அணை உயர்ந்ததேயன்றி, மணல் அகலவில்லை. காட்டன் அணையிலே மணற்போக்கி மதகுகளை அமைத்து, படிந்த மணலை நீரைக்கொண்டே வெளியேற்ற முற்பட்டார். ஆயினும், நோயின் வேர் கல்லணையில் இல்லை, நீர் பிரியும் முக்கொம்பில் இருக்கின்றது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார்.

அங்கே அணை எழுப்புவது எங்ஙனம்? ஆற்றுப் படுகை முழுவதும் ஆழ்ந்த மணல். பாறையோ இறுகிய நிலமோ இல்லாத இடத்தில் பெருஞ்சுவர் நில்லாது என்பதே அந்நாளைய பொறியாளர் பலரின் எண்ணம். காட்டன் விடையை நூல்களில் தேடவில்லை. கரிகாற் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையிடமே தேடினார். ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள அவ்வணையும் மணல்மேல் நிற்பதே. பழங்காலத்தார் பெருங்கற்களை ஆற்றிலே இட்டனர். நீர் அடிமணலை அரிக்க, கற்கள் அமிழ்ந்தன; அவற்றின்மேல் மீண்டும் கற்களை இட்டனர். இனி அமிழாது என்னும் நிலை வந்தபின், களிமண்ணைப் பிணைப்பாகக் கொண்டு மேற்பகுதியை எழுப்பினர். தளர்ந்த மணலில் அடித்தளம் இடும் கலையை இவ்வணையே தமக்குக் கற்பித்தது எனக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தவர் ஒருவர், ஆளப்பட்டோரின் முன்னோரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டது அந்நாளில் அரிய செயலே.

1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. நீர் காவிரியின்பால் திரும்பியது. ஆனால், கொள்ளிடத்தை நம்பியிருந்த சீர்காழிப் பகுதியும் தென்னார்க்காட்டு வயல்களும் என்னாகும்? அவற்றின் பொருட்டு அதே ஆண்டில் கீழணையும் கட்டப்பெற்றது. ஓரிடத்து உழவரை வாழ்விக்க மற்றோரிடத்தாரை வறட்சியில் தள்ளாத இத்திட்டம், ஆறு முழுவதையும் ஒன்றாக நோக்கியதன் பயனாகும்.

எனினும், ஆறு மீண்டும் ஒரு பாடம் கற்பித்தது. மேலணையால் வலிவுபெற்ற நீர், காவிரியின் தலைப்பை அரித்து ஆழமாக்கலாயிற்று. முன்பு நீர் குறைந்ததற்கு அஞ்சிய தஞ்சை, இப்பொழுது வெள்ளம் மிகுவதற்கு அஞ்ச நேர்ந்தது. 1840களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பணை கட்டிய பின்னரே இரு கிளைகளுக்கும் இடையே நிறை ஏற்பட்டது.

காவிரியில் கற்றதை அவர் கோதாவரியில் கையாண்டார். 1847இல் தொடங்கி 1852இல் முடிந்த தவளேசுவரம் அணை, பஞ்சத்தால் நலிந்த அந்நாட்டைச் செழிப்பித்தது. 1861இல் சர் பட்டம் பெற்றார். இருப்புப் பாதைகளைவிடக் கால்வாய்களே இந்நாட்டிற்கு முதலில் வேண்டும் என ஓயாது வாதிட்டமையால், பகையையும் ஏளனத்தையும் பெரிதும் ஏற்றார். 1899ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் இங்கிலாந்தில் மறைந்தார்.

1934இல் மேட்டூர் அணை முடிவுற்றபின் காவிரியின் வெள்ளம் பெருமளவு அடங்கியது. மேலணையில் 2018 ஆகஸ்டு 22ஆம் நாளன்று கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகளைப் பெருக்கு அடித்துச் சென்றது. அதற்கு அண்மையில் பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பட்டுள்ளது.