41 நாள்.. 1,900 மைல்.. கியர் இல்லாத சைக்கிளில் ராணுவத்தை மலையேற்றிய ஜேம்ஸ் மாஸ்! யார் இவர்?

ரோந்துக்கும் போகணும், தினசரி ஓட்டவும் செய்யணும். வருஷக்கணக்கில் தாங்குற மாதிரி ஒரு மவுண்டன் பைக் வேணும், எதை வாங்கலாம்? சைக்கிள் கடையில் இன்றைக்கும் கேட்கிற கேள்விதான் இது. ஆனால் 1896-லேயே இதே கேள்வியோடு ஒரு இளம் ராணுவ அதிகாரி ஒரு சைக்கிள் கம்பெனியை அணுகினார். அப்போது மவுண்டன் பைக் என்ற பெயரே கிடையாது. கியர் இல்லை, சஸ்பென்ஷன் இல்லை. அவர் ஓட்டப் போன இடத்தில் ரோடே சரியாக இல்லை.

அவர் பெயர் ஜேம்ஸ் ஏ. மாஸ். அமெரிக்க ராணுவத்தின் சைக்கிள் படையை நடத்தியவர். அவர் தேர்ந்தெடுத்த சைக்கிளில் என்னென்ன இருந்தது, அதை உண்மையில் சோதித்துப் பார்த்தது யார், அதற்குப் பிறகு யாருக்கு என்ன கிடைத்தது? பார்க்கலாம்.

கடைசி ரேங்க் மாணவர்

மாஸ் 1872-ல் லூசியானா மாநிலத்தின் லஃபாயெட்டில் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் படித்து 1894-ல் வெளியே வந்தார். வந்த இடம்? தன் வகுப்பிலேயே கடைசி! முதல் ரேங்க் எடுத்தவர்களுக்கு விருப்பப்பட்ட இடத்தில் போஸ்டிங். கடைசியில் வந்தவருக்கு யாரும் விரும்பிக் கேட்காத இடம். மாஸுக்கு கிடைத்தது மொன்டானாவில் உள்ள ஃபோர்ட் மிசூலா. சுற்றிலும் ராக்கி மலைகள், குளிர், தனிமை.

அங்கே இருந்தது 25வது காலாட்படை. அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்களுக்குத் தனிப் படைப்பிரிவுகள். வீரர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர், அவர்களுக்கு மேல் இருந்த அதிகாரிகள் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர். 25வது படையும் அப்படித்தான்.

மாஸுக்கு சைக்கிள் என்றால் உயிர். 1890-கள் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த காலம். ஐரோப்பிய ராணுவங்கள் ஏற்கெனவே செய்தி கொண்டுபோக சைக்கிளைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தன. ஆனால் அங்கே நல்ல ரோடு இருந்தது. மலைக்காட்டில் சைக்கிள் தாக்குப்பிடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டார் மாஸ். ராணுவத்தின் தலைமைத் தளபதி நெல்சன் மைல்ஸுக்கும் சைக்கிள் மேல் ஆர்வம் இருந்ததால் 1896-ல் பச்சைக்கொடி கிடைத்தது.

குதிரையை விட சைக்கிள் எப்படி மேல்?

மாஸ் வைத்த வாதம் ரொம்ப நடைமுறையானது. குதிரைக்கு தீனி வேணும், தண்ணீர் வேணும், ஓய்வு வேணும். சைக்கிளுக்கு எதுவும் வேண்டாம். குதிரை கனைக்கும், குளம்புச் சத்தம் கேட்கும், அது கிளப்பும் புழுதி தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் போகும். அதன் தடத்தைப் பார்த்து எந்தப் பக்கம் போனார்கள் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

இன்றைக்கு போலீஸ் ரோந்துக்கு சைக்கிளை விரும்புவதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1987-ல் போலீஸார் மவுண்டன் பைக்கில் ரோந்து போகத் தொடங்கியபோது, கார் நுழைய முடியாத நெரிசலில் சத்தமில்லாமல் போய் நிற்க முடிந்ததுதான் அதன் பலமாகப் பேசப்பட்டது.

முதல் வருஷம் 8 வீரர்கள். பயிற்சி என்றால் சும்மா மைதானத்தைச் சுற்றுவது இல்லை. 9 அடி வேலியைத் தாண்டணும், அதுவும் சைக்கிளோடு. ஓடையில் இறங்கி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கணும். அப்புறம் 1896 ஆகஸ்டில் மெக்டொனால்ட் ஏரி வரை போய்த் திரும்பும் 126 மைல் பயணம். மழையும் சேறும் பாடாய்ப் படுத்தின. சில நாள்தான் ஓய்வு, உடனே அடுத்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை போய்வர சுமார் 800 மைல். வெந்நீர் ஊற்றின் வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகளில் வீரர்கள் சைக்கிளோடு நிற்கும் புகைப்படத்தை இணையத்தில் நீங்களும் பார்த்திருக்கலாம். அது இந்தப் பயணத்தில் எடுத்ததுதான்.

அந்த சைக்கிளில் என்ன ஸ்பெஷல்?

சைக்கிளைக் கொடுத்தது ஸ்பால்டிங் கம்பெனி. ராணுவத்திடம் காசு வாங்கவில்லை, கம்பெனிக்கு அது விளம்பரம். 1897 பயணத்துக்காக மாஸ் கேட்டபடி சைக்கிள் தயாரானது.

முதல் மாற்றம் ரிம். அந்தக் காலத்தில் நிறைய சைக்கிள்களில் மரத்தால் செய்த ரிம்தான். எடை குறைவு, ரேஸுக்கு நல்லது. ஆனால் மழையில் ஊறினால்? மாஸ் இரும்பு ரிம் கேட்டார். ஸ்போக்ஸ் கம்பிகள், இரண்டு பேர் மிதிக்கிற டேண்டம் சைக்கிளுக்குப் போடும் தடிமனான ரகம். முன்பக்க ஃபோர்க்கும் கனமான ரகம். செயினில் சேறு அடைக்காமல் இருக்க மூடிய கேஸ். சாமான் வைக்க கேரியர், ஃப்ரேமுக்கு நடுவில் பொருத்த ஒரு பெட்டி, பிரேக். சீட் கிறிஸ்டி என்ற ரகம். உட்காரும் எலும்புக்கு ரெண்டு பக்கமும் மெத்தை, நடுவில் இடைவெளி. இன்றைக்கு நடுவில் பள்ளம் வைத்து விற்கிற சீட்டுக்கு இது தாத்தா!

வெறும் சைக்கிள் எடை சுமார் 32 பவுண்டு, அதாவது 14.5 கிலோ. இன்றைய சாதாரண மவுண்டன் பைக் பலவும் இதே எடையில்தான் இருக்கின்றன. சாமான் ஏற்றியதும் 59 பவுண்டு, கிட்டத்தட்ட 27 கிலோ. இது போக வீரரின் உடம்பில் சுமார் 10 பவுண்டு துப்பாக்கி, இடுப்பில் 50 தோட்டாக்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. மாஸ் ஃப்ரேமை மட்டும் பார்த்து சைக்கிளைத் தேர்வு செய்யவில்லை. சுமையோடு கரடுமுரடில் இறங்கினால் முதலில் அடிவாங்குவது சக்கரம்தான். ஸ்போக்ஸ் தளரும், ரிம் கோட்டமாகும், ஃபோர்க் வளையும். அவர் கனம் கூட்டியது சரியாக இந்த இடங்களில்தான். இப்போது கடைக்குப் போகிறவர்கள் கியர் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ரோந்துக்கும் தினசரி ஓட்டத்துக்கும் என்றால், பின்சக்கரத்தில் எத்தனை ஸ்போக்ஸ், கேரியர் மாட்ட ஃப்ரேமில் துளை இருக்கா என்று கேட்பது அதைவிடப் புத்திசாலித்தனம்.

மாஸ் எடுத்த இன்னொரு நல்ல முடிவு, ஒரு ஆளைப் பற்றியது. ஜான் ஃபிண்ட்லி என்ற வீரர் படையில் சேரும் முன் சிகாகோவில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். படையின் மெக்கானிக் அவர்தான். எவ்வளவு உறுதியான சைக்கிளாக இருந்தாலும் வழியில் சரிசெய்யத் தெரிந்த ஆள் கூட இருக்கணும் இல்லையா?

மிசூலா டூ செயின்ட் லூயிஸ்

1897 ஜூன் 14. மிசூலாவிலிருந்து 20 வீரர்கள் கிளம்பினார்கள். கூடவே மாஸ், டாக்டர் ஜேம்ஸ் கென்னடி, உள்ளூர் பத்திரிகைக்கு எழுதும் எட்வர்ட் பூஸ் என்ற இளைஞர். போக வேண்டிய இடம் 1,900 மைல் தள்ளி இருக்கும் செயின்ட் லூயிஸ். சுமார் 3,050 கிலோமீட்டர். குளிர், வெயில், மலை, சமவெளி என எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்பதால்தான் இந்த வழி. வழி நெடுக முன்கூட்டியே ரேஷன் அனுப்பி வைக்கப்பட்டது. அடுத்த இடம் வரும் வரைக்குமான சாப்பாட்டை வீரர்களே சுமந்தார்கள்.

ஆரம்பத்திலேயே மழை. மொன்டானாவின் களிமண் ஒரு தனி ரகம். நனைந்தால் பசை மாதிரி டயரில் ஒட்டி, ஃபோர்க்குக்கு நடுவில் அடைத்து, சக்கரத்தைச் சுற்றவே விடாது. கொஞ்ச தூரம் தள்ளுவது, சுரண்டுவது, மறுபடி தள்ளுவது. ராக்கி மலை உச்சியைக் கடக்கும்போது ஜூன் மாதத்திலும் பனி! ரோடு மோசமான இடங்களில் ரயில் தண்டவாளத்துக்கு நடுவில், ஸ்லீப்பர் கட்டைகள் மேலேயே ஓட்டினார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு இடி. முதுகு என்ன பாடுபட்டிருக்கும், யோசித்துப் பாருங்க.

நெப்ராஸ்கா இதையெல்லாம் விட மோசம். நூறு மைலுக்கும் மேல் மணல் குன்றுகள். சைக்கிள் மணலில் புதைந்தது. வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. கிடைத்த தண்ணீரோ காரத்தன்மை கொண்ட உப்புத் தண்ணீர். குடித்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறு. மாஸே படுத்துவிட்டார். அவர் தேறி வரும் வரை டாக்டர் கென்னடிதான் படையை நடத்தினார். அதாவது, தலைவர் இல்லாத நாட்களிலும் சைக்கிள்கள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. நகர்த்தியவர்கள் அந்த வீரர்கள்.

அவர்களில் முக்கியமானவர் சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ். 39 வயது, படையிலேயே மூத்தவர். ஒரு வெடிவிபத்தில் ஒரு கண் பார்வை கிட்டத்தட்ட போயிருந்தது. இளைஞர்கள் திணறிய வழியில் முழுத் தூரமும் வந்தார்.

ஜூலை 24-ல் செயின்ட் லூயிஸ். மொத்தம் 41 நாள், அதில் உண்மையில் ஓட்டியது 34 நாள். சராசரி ஒரு நாளைக்கு 56 மைல், மணிக்கு 6 மைலுக்குக் கொஞ்சம் மேல். உள்ளூர் சைக்கிள்காரர்கள் எதிர்கொண்டு அழைத்து வந்தார்கள். ஃபாரஸ்ட் பூங்காவில் முகாம். ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க வந்தார்கள். நடந்து வருவதோடு ஒப்பிட்டால் பாதி நேரம், மூன்றில் ஒரு பங்கு செலவு என்று கணக்கு சொல்லப்பட்டது.

அவ்வளவுதான். வீரர்கள் ரயிலில் மிசூலா திரும்பினார்கள். சைக்கிள்கள் கம்பெனிக்கே திரும்பிப் போயின. அடுத்ததாக சான் ஃபிரான்சிஸ்கோ வரை போகிறேன் என்று மாஸ் கேட்டார், அனுமதி கிடைக்கவில்லை. 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது. 25வது படை கியூபாவுக்குப் போனது, சைக்கிள் படை கலைந்தது. கொஞ்ச வருஷத்தில் மோட்டார் வண்டி வந்துவிட்டதால் ராணுவம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

பிறகு யாருக்கு என்ன கிடைத்தது?

கடைசி ரேங்க் மாணவர் நன்றாகவே முன்னேறினார். கியூபா போரைப் பற்றி புத்தகம் எழுதினார். அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்குமான வழிகாட்டி நூல்கள் வரிசையாக வந்தன. 1906-ல் அவர் எழுதிய ஆபீசர்ஸ் மேனுவல் என்ற கையேட்டின் வழிவந்த புத்தகம் இப்போதும் புதுப்பிக்கப்பட்டு வெளிவருகிறது. வகுப்பில் கடைசியாக வந்தவரின் புத்தகத்தை முதல் ரேங்க்காரர்களும் படிக்க வேண்டியதாயிற்று! முதல் உலகப் போரில் 367வது காலாட்படைக்குத் தலைமை ஏற்றார். அதுவும் கறுப்பின வீரர்களின் படைதான். 1922-ல் கர்னலாக ஓய்வு பெற்றார். பிறகு தேசியக் கொடிக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 1941-ல் நியூயார்க்கில் நடந்த சாலை விபத்தில் இறந்தார்.

மிங்கோ சாண்டர்ஸுக்கு நடந்தது வேறு. மாஸின் கையேடு வந்த அதே 1906-ல், 25வது படையின் ஒரு பகுதி டெக்ஸாஸின் பிரவுன்ஸ்வில் நகரத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு இரவு அந்த ஊரில் துப்பாக்கிச்சூடு, ஒருவர் பலி. பழி கறுப்பின வீரர்கள் மேல் விழுந்தது. யார் சுட்டது என்று நிரூபிக்கப்படவே இல்லை. விசாரணை மன்றமும் இல்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 வீரர்களை மொத்தமாக வேலையை விட்டு நீக்கினார், பென்ஷன் உரிமையும் போனது. அதில் ஒருவர் சாண்டர்ஸ். 25 வருஷ சர்வீஸ். இத்தனைக்கும் கியூபா போர்க்களத்தில் ரூஸ்வெல்ட்டின் படைக்குத் தங்கள் உணவைப் பகிர்ந்து கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்று பதிவாகியிருக்கிறது.

மாஸின் பெயர் இருப்பதால்தான் இந்தப் பயணம் ஆவணங்களில் தப்பியது. அவருடைய அறிக்கைகள் இல்லை என்றால் ரிம், ஸ்போக்ஸ், எடைக் கணக்கு எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அந்த இரும்பு ரிம் எவ்வளவு தாங்கும் என்று நெப்ராஸ்கா மணலில் தள்ளித் தள்ளிக் காட்டியவர்கள் 20 பேர். அவர்களில் சாண்டர்ஸ் பல முறை மேல்முறையீடு செய்து பார்த்தார், ராணுவம் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 1929-ல் இறந்தார்.

பிரவுன்ஸ்வில் வழக்கு மறுபடி ஆராயப்பட்டு, அந்த வீரர்கள் மேல் தவறில்லை என்று ராணுவம் பதிவைத் திருத்தியது 1972-ல். சாண்டர்ஸ் இறந்து அப்போது 43 வருஷம் ஆகியிருந்தது.