நில்லாத சக்கரங்கள்

நுழையும்முன்

பேருந்து குறித்த நேரத்தில் வருவதை நாம் இயல்பான ஒன்றாகக் கருதுகிறோம். அது வராத நாளில்தான் அதன் அருமை புலப்படுகிறது. நல்ல சாலைகளும் பணிமனைகளும் அரிதாயிருந்த காலத்தில் பேருந்துத் தொழிலைத் தொடங்கி, எரிபொருளே கிடைக்காத காலத்திலும் அதை நிறுத்தாமல் நடத்தியவர் டி.வி. சுந்தரம். எந்திரத்தைப் பேணுவதும் மக்கள் பணியே என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.

இளமையும் தொடக்கமும்

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பழமையான ஊர் திருக்குறுங்குடி. அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் சுந்தரம் பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் 'டி' என்னும் எழுத்து இவ்வூரையே குறிக்கிறது. தந்தையின் விருப்பப்படி சட்டத்துறையில் பணியைத் தொடங்கிய அவர், பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் தவறாமல் ஊதியம் தரும் வேலை பெரும்பேறாகக் கருதப்பட்ட காலம் அது. அத்தகைய வேலையை விட்டுவிட்டு, தமக்கென ஒரு தொழிலைத் தொடங்கும் துணிவு அவருக்கு இருந்தது.

1911ஆம் ஆண்டு அவர் தொழில்துறையில் அடியெடுத்து வைத்தார். மறு ஆண்டிலேயே பேருந்துப் போக்குவரத்தில் ஈடுபட்டார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அவரது நிறுவனம் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் எனப் பெயர் பெற்றது. மக்களுக்கோ அது டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தாகவே பழகிப்போனது.

பழுதும் பராமரிப்பும்

அக்காலத்தில் வண்டியை வாங்குவதைவிட, அதைத் தொடர்ந்து ஓடச் செய்வதே கடினமாக இருந்தது. எந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தன. ஒரு சிறு உதிரிப்பாகம் உடைந்தாலும் மாற்றுப்பாகம் வந்துசேரும் வரை வண்டி நின்றுவிடும். பெட்ரோல் தகர டின்களில் விற்கப்பட்டது. அதில் சிறிதளவு தூசியோ நீரோ கலந்திருந்தாலும் கார்புரேட்டரின் நுண்துளை அடைபட்டு எந்திரம் நின்றுவிடும். மண்சாலையின் புழுதி காற்றோடு எந்திரத்துக்குள் புகுந்து, உருளையையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும்.

இந்நிலையில் பழுதான பின் சரிசெய்வதைவிட, பழுது வராமல் காப்பதே சிறந்த வழி. சுந்தரத்தின் நிறுவனம் வண்டிகளை ஓட்டியதோடு நில்லாமல், அவற்றின் விற்பனை, பழுதுபார்த்தல், உதிரிப்பாகங்கள் ஆகிய துறைகளிலும் வளர்ந்தது. சதர்ன் ரோடுவேஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்கள் இவ்வாறு உருவாயின. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்கூடமும் தொடங்கப்பட்டது. டி.வி.எஸ். பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக மதுரை வட்டாரத்து முதியவர்கள் சொல்வதுண்டு. சாலையில் சிதறிக் கிடக்கும் ஆணிகளை ஈர்த்தெடுக்கக் காந்தம் பொருத்திய வண்டியொன்று ஓடியது என்பதும் அம்மக்களின் நினைவில் நிற்கும் செய்தியாகும்.

போர் தந்த சோதனை

இரண்டாம் உலகப்போர் இந்த ஒழுங்கையெல்லாம் குலைக்க வந்தது. போர்ப்படைகளின் தேவை பெருகியதால் 1941இல் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வந்த எண்ணெய் முற்றிலும் நின்றது. பேருந்துத் தொழில் நடத்தியோர் முன் இரண்டு வழிகளே இருந்தன: வண்டிகளை நிறுத்திவிடுவது, அல்லது வேறோர் எரிபொருளைத் தேடுவது. வண்டிகள் நின்றால் சந்தைக்குச் செல்லும் உழவரும் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும் மீண்டும் கட்டைவண்டியையே நம்ப வேண்டியிருக்கும்.

சுந்தரம் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். மரக்கரியிலிருந்து வாயுவை உண்டாக்கி எந்திரத்தை இயக்கும் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' அவருடைய முயற்சியால் வடிவமைக்கப்பட்டு உற்பத்தி செய்யப்பட்டது. ஐரோப்பிய நாடுகளிலும் அப்போது இத்தகைய கலன்கள் பரவலாகப் பயன்பட்டன.

இதன் அடிப்படை எளிது. கரி போதிய காற்றில் எரிந்தால் கார்பன் டைஆக்சைடு உண்டாகும். அது மேலும் எரியாது. காற்றைக் கட்டுப்படுத்தித் தணலினூடே செலுத்தினால் எரியும் தன்மையுடைய கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். சிறிது நீராவியும் சேர்ந்தால் ஹைட்ரஜனும் உண்டாகும். இவ்வாறு கிடைக்கும் கலவையே உற்பத்தி வாயு. ஆனால், அதில் ஏறத்தாழப் பாதி, காற்றோடு வந்த நைட்ரஜனாகும். ஆகவே பெட்ரோலில் ஓடும்போது கிடைக்கும் ஆற்றல் இதில் கிடைப்பதில்லை.

அடிப்படை எளிதாயினும் பேணுதல் எளிதன்று. கலனில் கரியை நிரப்பி, விசிறியால் ஊதித் தணலாக்கிய பின்னரே வண்டியைக் கிளப்ப இயலும். சூடான வாயுவைக் குளிர்வித்துச் சாம்பலையும் தாரையும் வடிகட்ட வேண்டும். வடிகட்டியில் கவனம் குறைந்தால் எந்திரத்தின் உட்புறம் விரைவில் தேய்ந்துவிடும். குழாய் இணைப்பில் சிறு கசிவு ஏற்பட்டாலும் காற்று உள்ளே நுழைந்து கலவை கெடும். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வெளியே கசிந்தால் உயிருக்கே ஊறு நேரும். எனவே நாள்தோறும் சாம்பலை அள்ளுவதும், வடிகட்டியைத் தூய்மை செய்வதும், இணைப்புகளைச் சோதிப்பதும் இன்றியமையாத பணிகளாயின. கரி படிந்த கைகளுடன் இப்பணிகளைச் செய்த தொழிலாளர்களால்தான் போர்க்காலத்திலும் பேருந்துகள் ஓடின.

தெரிந்து தெளிவோம்

பெட்ரோலைவிட உற்பத்தி வாயு மெதுவாக எரியும். ஆதலால், அதனைக்கொண்டு ஓடும் எந்திரத்தில் தீப்பொறி சற்று முன்னதாகவே தோன்றுமாறு அமைக்க வேண்டும்.

கொடைரோடு வழியே

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில், அம்மையநாயக்கனூரில் அமைந்துள்ளது கொடைரோடு நிலையம். கொடைக்கானல் செல்வோர் இங்கு இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறுவர். சமவெளியில் தடையின்றி ஓடும் கரிவாயு வண்டியும் இத்தகைய மலைப்பாதையில் திணறும். ஏற்றத்தில் ஆற்றல் மிகுதியாகத் தேவை; உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தியோ குறையும். சமவெளியில் மறைந்திருக்கும் பராமரிப்புக் குறை, மலையில் வெளிப்பட்டுவிடும்.

கொடைரோட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே உள்ள காந்திகிராமம் சுந்தரத்தின் மகள் சௌந்தரத்தின் பணியை நினைவூட்டி நிற்கிறது. இளம் வயதில் கணவரை இழந்த அவர், மருத்துவம் பயின்று விடுதலைப் போராட்டத்திலும் ஈடுபட்டார். பின்னர் ஜி. இராமச்சந்திரனுடன் இணைந்து 1947இல் காந்திகிராமத்தை நிறுவினார். தந்தை ஊர்களைச் சாலையால் இணைத்தார். மகள் அவ்வூர்களுக்குக் கல்வியையும் மருத்துவத்தையும் கொண்டு சேர்த்தார்.

பயணத்தின் நிறைவு

தொழிற்பொறுப்பைத் தம் மைந்தர்களிடம் ஒப்படைத்த சுந்தரம், 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 78. மைந்தர்கள் வாகன உதிரிப்பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்யும் ஆலைகளை நிறுவினர். 1962இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் தொடங்கப்பட்டது. கப்பலை எதிர்நோக்கிக் காத்திருந்த காலம் மெல்ல மறைந்தது. 1980இல் ஓசூரில் உருவான சிறு மொபெட், எளிய குடும்பங்களின் வாகனமாயிற்று.

டி.வி.எஸ். பேருந்துகள் பின்னர் அரசுடைமையாகிவிட்டன; கரிவாயுக் கலன்களும் வழக்கொழிந்தன. எனினும், புறப்படுமுன் எண்ணெயின் அளவைப் பார்த்து, சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் தொழிலாளியின் கை மாறவில்லை. அந்தக் கையை நம்பியே ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்கின்றனர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பேருந்துப் பணிமனைக்குச் சென்று, வண்டி புறப்படுமுன் செய்யப்படும் சோதனைகளைப் பட்டியலிடுக.

2. எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டால் உங்கள் ஊரின் அன்றாட வாழ்வு எவ்வாறு மாறும் என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.