ஔவையாக வாழ்ந்தவர்

அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர், தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை. அவன் போற்றிய ஔவையின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே பட்டமாகப் பெற்றவர் நாடக நடிகர் தி. க. சண்முகம். ஔவையார் பலர் என்பர் ஆய்வாளர். மக்கள் மனத்தில் வாழ்பவரோ கோலூன்றி நடக்கும் மூதாட்டி ஒருவரே.

சண்முகம் 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண்வேடங்களில் பெயர்பெற்ற நடிகர். 1918இல், ஆறு வயதில், சகோதரர்களுடன் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழுவில் சேர்ந்தார். சுவாமிகள் அச்சிறுவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை இயற்றினார். அக்காலத் தமிழ் மேடையில் பாட்டே முதன்மை; குரல் வளமுடையவரே நடிகர் எனப் போற்றப்பட்டனர்.

அதே காலத்தில் ரஷ்யாவில் வேறொரு தேடல் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1898இல் மாஸ்கோ கலை அரங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1906இல் தம் நடிப்பைத் தாமே ஆராய்ந்தார். பலமுறை நடித்த வேடத்தில் கையசைவும் முகபாவமும் அப்படியே இருந்தன. உணர்ச்சி மட்டும் வற்றிப்போயிருந்தது. பாத்திரத்தின் சூழலில் தான் இருந்தால் என்ன செய்வோம் என நடிகன் தன்னையே வினவ வேண்டும் என்பது அவர் கண்ட வழிகளுள் ஒன்று. இம்முறையைப் பயிற்றுவிக்கும் கூடம், சண்முகம் பிறந்த 1912ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1920களில் அமெரிக்கா சென்ற இம்முறை, பின்னர் உலகத் திரைப்பட நடிப்பையே மாற்றியது.

வற்றாத உணர்ச்சியை நாள்தோறும் மேடைக்குக் கொண்டுவருவது எவ்வாறு? 1940களில் சண்முகம் ஏற்ற ஔவை வேடம் இவ்வினாவையே அவர்முன் வைத்தது. அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய ஆண்மகன். ஆண் முதியவளாக வேடமிட்டால் அவை நகைப்பது எளிது. அழகிய நங்கையாக நடிப்பதற்கு ஒப்பனையும் குரலும் பெருந்துணை. மூதாட்டிக்கோ அவை போதா. தளர்ந்த நடையும் நடுங்கும் குரலும் வேண்டும்; அவற்றினுள்ளே தளராத புலமையும் வேண்டும். அவையோர் நகைக்கவில்லை, அவரை ஔவையாகவே கண்டனர். அன்றுமுதல் அவர் ‘ஔவை’ சண்முகம் ஆனார்.

பின்னாளில் அவரே ‘இராஜராஜ சோழன்’ நாடகத்தில் பேரரசராகவும் நின்றார். 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலை மாநாடு கூடியதற்கு டி.கே.எஸ். சகோதரர்களின் முயற்சி பெரிது. நாடக அனுபவங்களை நூலாகவும் எழுதிவைத்த அவர் 1973இல் மறைந்தார். அவர்களுடைய குழுவில் சிறுவனாகப் பயின்ற கமல்ஹாசன், 1996இல் தாம் முதிய பெண்ணாக வேடமிட்ட திரைப்படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ எனப் பெயரிட்டார்.