பெஞ்சமின் ராபின்ஸ்

திருமயம் கோட்டையின் உச்சியிலுள்ள பழைய பீரங்கியைக் காணும் மாணவர், இதன் குண்டு எவ்வளவு தூரம் சென்றிருக்கும், குறி தவறாது பாய்ந்திருக்குமா என்று வினவுதல் இயல்பு. அத்தகைய வினாக்களுக்குச் சோதனையால் விடை கண்ட பேரறிஞர் ஒருவர் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே உயிர் நீத்தார் என்பதைச் சிலரே அறிவர். அவரே பெஞ்சமின் ராபின்ஸ்.

இவர் 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பாத் நகரில், போரை வெறுக்கும் குவேக்கர் வகுப்பினரான ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தார். கணிதத்தில் தேர்ந்து, 1727-இல் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். பின்னர்த் தம் வகுப்பினின்றும் நீங்கி, போர்க்கருவிகளின் ஆராய்ச்சியில் புகுந்தார்.

அக்காலத்தார் பலர் குண்டின் மீது காற்றின் தடை மிக அற்பமென்றே எண்ணினர். ராபின்ஸோ, கனத்த பலகையொன்றை ஊசல்போல் தொங்கவிட்டு, அதன்மேற் சுட்டு, அது அசைந்த அளவைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். அவ்வேகம் விநாடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்டது. காற்றின் தடை குண்டின் எடையினும் பன்மடங்கு மிகுந்தது. இம்முடிவுகளை 1742-இல் நூலாக வெளியிட்டார். மாபெருங் கணித வல்லுநரான ஆய்லர் அதனை 1745-இல் ஜெர்மன் மொழியில் விரிவுரையுடன் பெயர்த்தார்.

வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகள் குறி தவறுவதேன்? வழவழப்பான குழலில் தளர்ந்து செல்லும் குண்டு, உட்சுவரில் உராய்ந்து மனம்போனபடி சுழல்கிறது. அச்சுழற்சியே அதனைப் பக்கமாகத் திருப்புகிறது என்றார் ராபின்ஸ். குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டுக் காட்டினார். இடப்புறம் புறப்பட்ட குண்டு பின்னர் வலப்புறம் திரும்பியதை, வழியில் வரிசையாக நிறுத்திய காகிதத் திரைகளின் துளைகள் மெய்ப்பித்தன. ஆய்லர் இதனை ஒப்பவில்லை. எனினும் பிற்கால ஆராய்ச்சி ராபின்ஸின் பக்கமே நின்றது.

இதற்குப் பரிகாரம், குழலினுள் திருகுபோல் வரிப்பள்ளம் வெட்டி, ஈயக் குண்டை இறுகப் பொருத்துவதே. அங்ஙனம் செலுத்திய குண்டு, தான் செல்லுந் திசையையே அச்சாகக் கொண்டு சுழன்று, நேரே செல்லும். வரித்துப்பாக்கிகளை ஜெர்மானிய வேட்டைக்காரர் முன்னரே கையாண்டனர். ஆயினும் அவற்றின் திறனுக்குரிய காரணத்தை 1747-இல் ராயல் சங்கத்தார்முன் தெளிவாக எடுத்துரைத்தவர் ராபின்ஸ்.

பிரெஞ்சுக்காரர் 1746-இல் சென்னையைக் கைப்பற்றி 1749-இல் திருப்பியளித்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கோட்டைகளைச் செப்பனிட ராபின்ஸை அனுப்பினர். 1750-இல் இங்கு வந்தவர் காய்ச்சலால் நலிந்தும் பணியை விட்டாரில்லை. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29-ஆம் நாள் காலமானார்.

அக்கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரர் இடித்துத் தகர்த்தனர். அவர் காக்க வந்த மதில் மறைந்தது. சோதித்துக் கண்ட உண்மை மறையவில்லை. அவ்வறிவு கொலைக் கருவிக்கும் கூர்மை தந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. பெரியோர் கூற்றாயினும் சோதித்தறிதல் வேண்டும்; அறிந்ததை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்றும் சிந்தித்தல் வேண்டும். கற்கும் நமக்கு இவ்விரண்டும் கடமையாம்.