ஆற்றங்கரையில் திறந்த அகக்கண்



நம் ஆலயம் எழும்பிய வரலாற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் படித்திருப்பீர்கள். இங்கே ஒரு மனிதரின் உள்ளத்தில் இறைவன் ஆலயம் எழுப்பிய வரலாற்றைச் சொல்ல விழைகிறோம். ஞானஒளி பெறுவது என்றால் என்ன? கண்ணை மூடியதும் சோதி தெரிவதா? வானகக் குரல் காதில் விழுவதா? பலர் நம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்க்கையே இக்கேள்விக்கு நல்ல மறுமொழி.

குண்டு தகர்த்த கனவு

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், லொயோலா மாளிகையில் 1491-ஆம் ஆண்டு பிறந்தார். 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. இனிகோ என்பது திருமுழுக்குப் பெயர். வாளும் பட்டாடையும் அரசவைப் பெண்களின் பாராட்டுமே இளமையில் அவருடைய உலகம்.

1521 மே 20 அன்று பம்ப்ளோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலக்காலை முறித்தது. எலும்பு கோணலாகக் கூடி, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு துருத்தி நின்றது. அரசவையினர் அணியும் இறுக்கமான காலணியை இனி எப்படி மாட்டுவது? இந்தக் கவலைக்காகவே அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. கைகளை இறுக மூடிக்கொண்டு வேதனையைப் பொறுத்தார்.

படுக்கையில் கிடந்தவர் வீரக் கதைகளைக் கேட்டார். வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தாம். படிக்கப் படிக்க ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். உலகப் புகழைக் கனவு காணும்போது இனிக்கிறது. பிறகு உள்ளம் வறண்டு போகிறது. புனிதர்களைப் போல வாழ எண்ணும்போதும் இனிக்கிறது; அந்த இனிமையோ பின்னும் நீங்காமல் நிற்கிறது. இதுவே ஒளியின் முதற்கீற்று.

மனம் திரும்பினார், கண் திறக்கவில்லை

1522-ஆம் ஆண்டு கோவேறு கழுதை ஏறி மொன்செராத் மாதா திருத்தலத்தை நோக்கிப் புறப்பட்டார். வழித்துணையாக வந்த இசுலாமியர் ஒருவர் தேவதாயின் கன்னிமை பற்றி மாறுபட்டுப் பேசிவிட்டு முன்னே சென்றுவிட்டார். அவரைத் தேடிப் பிடித்துக் குத்துவதா, விடுவதா? இனிகோவுக்கு முடிவு தெரியவில்லை. வழி பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அம்மனிதர் சென்ற ஊர்ப்பக்கம் திரும்பாமல் பெருவழியே நடந்தது. கழுதைக்கு இருந்த விவேகம் அன்று அதன்மேல் இருந்தவருக்கு இல்லை!

மொன்செராத்தில் தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். உயர்ந்த ஆடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்தார். மார்ச் 24 இரவு முழுவதும் அன்னையின் பீடத்தின்முன் விழித்திருந்து, வாளைக் காணிக்கையாக்கினார்.

பின்பு மன்ரேசா என்னும் ஊரில் பிச்சையெடுத்து வாழ்ந்தார். நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். சீவிச் சிங்காரித்த தலைமுடியை வாராமல் விட்டார், நகங்களையும் வெட்டவில்லை. புனித பிரான்சிஸ் செய்ததை, புனித தோமினிக் செய்ததைத் தாமும் செய்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஆவல். போர்க்களம்தான் மாறியிருந்தது, வெற்றி தேடும் வீரன் மாறவில்லை.

அதன் விளைவு கொடியது. சொல்லாமல் விட்ட பாவம் ஏதேனும் உண்டோ என்ற ஐயம் அவரை வாட்டியது. எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதியில்லை. அறையிலிருந்து கீழே குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனையும் வந்தது. பாவம் என்றறிந்து அதை எதிர்த்தார். இறைவன் இரங்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஆன்ம குரு உண்ணும்படி கட்டளையிட்டார், கீழ்ப்படிந்தார். மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை என்று இறுதியில் தெளிந்தார். தம் முயற்சியால் அல்ல, இறை இரக்கத்தாலேயே விடுதலை பெற்றதாக உணர்ந்தார்.

கார்தோனேர் ஆற்றங்கரை

ஒரு நாள் ஊருக்கு வெளியே இருந்த கோவிலுக்குச் செல்லும் வழியில், கீழே ஓடும் கார்தோனேர் ஆற்றைப் பார்த்தவாறு அமர்ந்தார். அங்கே அவருடைய அறிவின் கண் திறந்தது. அவர் கண்டது காட்சியன்று. விசுவாசத்தைப் பற்றியும் ஆன்ம வாழ்வைப் பற்றியும் உலகக் கல்வியைப் பற்றியும் அத்தனையும் புதிதாய்த் தோன்றும் அளவுக்குத் தெளிவு பிறந்தது. வாழ்நாள் முழுவதும் பெற்ற வரங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் அந்த ஒரு வேளைக்கு ஈடாகாது என்பது முதுமையில் அவர் கொண்டிருந்த எண்ணம்.

உடனே நிகழ்ந்ததைக் கவனியுங்கள். நன்றி சொல்ல அருகிலிருந்த சிலுவையின் முன் முழந்தாளிட்டார். முன்பு பலமுறை வந்து மகிழ்வித்த, பளபளக்கும் அழகிய தோற்றம் ஒன்று அங்கே தெரிந்தது. இம்முறை அது பசாசின் ஏமாற்று என்று தெளிவாய் அறிந்தார். ஆம், ஒளி பெற்றவர் பளபளப்பில் மயங்கவில்லை!

ஒளி செய்த மாற்றம்

மன்ரேசாவிலேயே முடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார். பிறருடைய ஆன்மாவுக்கு உதவுவதே முதன்மையாயிற்று. தாம் பட்டறிந்தவற்றிலிருந்து ஆன்மீகப் பயிற்சிகளை வகுக்கலானார். நம் ஞான ஒடுக்கங்களுக்கெல்லாம் துணை நிற்பது அந்நூலே.

1523-இல் எருசலேம் சென்றார். அங்கேயே தங்க விரும்பியவரைத் திரும்பிப் போகும்படி திருச்சபை அதிகாரி பணித்தார், பணிந்தார். பின் பார்சிலோனாவில், 33 வயதில், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் படித்தார். பாடம் மனனம் செய்யும்போதெல்லாம் இனிய ஞானச் சிந்தனைகள் பெருகின. செப வேளையில் வராதவை பாட வேளையில் ஏன் வரவேண்டும்? இதுவும் சோதனையே என்று தெளிந்து, பாடத்தைத் தவறாமல் படிப்பதாக ஆசிரியரிடம் வாக்களித்தார்.

பாரீசில் கிடைத்த தோழர்களுடன் 1534 ஆகஸ்ட் 15 அன்று வார்த்தைப்பாடு கொடுத்தார். 1540-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபையை ஏற்பித்தார். அத்தோழர்களுள் ஒருவரே 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார். இஞ்ஞாசியாரோ உரோமையில் அமர்ந்து ஏறக்குறைய 7,000 கடிதங்கள் எழுதினார்.

1556 ஜூலை 30 மாலை, தமக்காகத் திருத்தந்தையின் ஆசீர் பெற்றுவரச் செயலாளரை வேண்டினார். அவசரக் கடிதங்கள் இருப்பதால் நாளை போகலாமா என்றார் செயலாளர். இன்றே என்றால் நலம், ஆயினும் உம் விருப்பம் என்று விட்டுவிட்டார் இஞ்ஞாசியார். மறுநாள் விடியலில், அந்த ஆசீர் வந்து சேருமுன்னரே, இறைவனடி சேர்ந்தார். காலணிக்காக எலும்பை அறுக்கச் சொன்னவர், கடைசி ஆசையைக்கூட வற்புறுத்தவில்லை. ஞானஒளி செய்த மாற்றம் இதுவே.

நமக்கு

நேர்ச்சை, நோன்பு, திருயாத்திரை யாவும் நல்லவை. ஆனால் அவற்றில் நாம் தேடுவது இறைவன் திருவுளத்தையா, நம் பெருமையையா? பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்பட்ட பாவத்தை எண்ணி இரவில் உறங்காதவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் தனியே போராட வேண்டாம். குருவிடம் மனம் திறந்து பேசட்டும்.

விழா முடிந்து மேளம் ஓயும், தோரணம் காயும், மின்விளக்குகள் அணையும். அன்றிரவு ஒரு நாழிகை அமைதியாய் அமர்ந்து, எந்த மகிழ்ச்சி வறண்டது, எந்த மகிழ்ச்சி நிற்கிறது என்று நம் உள்ளத்தைக் கேட்போம். நிற்கும் மகிழ்ச்சியின் வழியே நடப்போம். லொயோலாவின் படுக்கையில் தொடங்கிய ஒளி நம் வீடுகளிலும் தொடங்குவதாக!