கரியில் பஸ் ஓட்டிய பெரியவர்



டி.வி.எஸ். என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? நம்ம திருவாரூர்ப் பக்கம் உர மூட்டையை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் தட்டுத் தடுமாறாமல் வரும் மொபெட்தானே? அந்த மூன்றெழுத்துக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் அய்யங்காரைப் பெரிய முதலாளி என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிற எனக்கு அவர் வேறு மாதிரி தெரிகிறார். பெட்ரோல் இல்லாத காலத்தில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் கரிவாயுவை அனுப்பி வண்டி ஓட வழி செய்தவர் அவர்!

நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22-ல் பிறந்தார். அப்பாவின் ஆசைக்காக வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வே, அப்புறம் பேங்க் உத்தியோகம். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாராவது விடுவார்களா? இவர் விட்டார். 1910-களின் தொடக்கத்தில் மதுரையை மையமாக வைத்து மோட்டார் தொழிலில் இறங்கினார். கட்டை வண்டியும் ரயிலும் மட்டுமே தெரிந்த ஜனங்களுக்கு, நேரம் தவறாத பஸ் என்ற ஒன்றைப் பழக்கினார். பஸ்ஸும் லாரியுமாக அந்தத் தொழில் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் வளர்ந்தது.

வீட்டிலும் அவர் ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கவில்லை. சின்ன வயதிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை மூலையில் உட்கார வைக்காமல் டாக்டருக்குப் படிக்க வைத்தார். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அவர்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மாவும் ஜப்பான்காரர்கள் கைக்குப் போக, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போர் முடியட்டும் என்று காத்திருக்கலாம். அய்யங்கார் அப்படிச் செய்யவில்லை. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கரிவாயுக் கருவியை வடிவமைத்துத் தயாரித்தார். கரிவாயு அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவிலும் அப்போது லட்சக்கணக்கான வண்டிகள் அதில்தான் ஓடின. கையில் இருக்கிற வண்டிக்கு, கிடைக்கிற கரியை வைத்து அதைப் பொருத்திக் கொடுத்ததுதான் இங்கே பெரிய காரியம்.

அது எப்படி வேலை செய்யும்? பொதுவாக எல்லாக் கரிவாயு வண்டிக்கும் தத்துவம் ஒன்றுதான். உருளையான அடுப்பில் கரி எரியும். காற்றைக் குறைவாக விட்டால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, மிக்ஸரில் காற்றோடு கலந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு அனுப்ப வேண்டும். கேட்க சுலபம். பொருத்திப் பார்த்தால்தான் தெரியும் சேதி!

முதல் சிக்கல் அளவு. பெட்ரோலுக்கு எடையில் சுமார் 15 மடங்கு காற்று வேண்டும். பெட்ரோல் ஆவி மேனிஃபோல்டில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்கும். கரிவாயுவோ ஏறக்குறைய காற்றுக்குச் சமமான கனஅளவு வேண்டும். அந்த வாயுவிலும் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் என்ஜின் சக்தி கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். மேட்டில் பஸ் முக்கி முனகுவதன் ரகசியம் இதுதான்.

இரண்டாவது சூடு. பழைய பெட்ரோல் என்ஜின்களில் பெட்ரோல் ஆவியாவதற்காக, எக்ஸாஸ்ட் சூடு இன்டேக் மேனிஃபோல்டைத் தொடும்படி வைத்திருப்பார்கள். கரிவாயுவுக்கு அதே சூடு எதிரி. சூடானால் வாயு விரியும், சிலிண்டருக்குள் போகும் அளவு குறையும். பெட்ரோலுக்கு நல்லது கரிவாயுவுக்குக் கெட்டது! கரிவாயு மெதுவாக எரிவதால் இக்னிஷன் டைமிங்கையும் முன்னால் தள்ள வேண்டும். நாக்கிங் பயம் குறைவு என்பதால் கம்ப்ரஷனைக் கொஞ்சம் கூட்டினால், இழந்த சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும்.

மூன்றாவது லீக். என்ஜின் உறிஞ்சும்போது அடுப்பு முதல் மேனிஃபோல்டு வரை எல்லாக் குழாயிலும் வெற்றிட இழுப்பு இருக்கும். எங்காவது கேஸ்கெட் பிசகினால், போல்ட் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். கலவை மெலியும், வண்டி திணறி நிற்கும். அடுப்பைக் கிளறி என்ன பிரயோஜனம்? நோய் மூட்டில் இருக்கிறது. வடிகட்டி அடைத்தாலும் இதே திணறல்தான். வடிகட்டியே கிழிந்தால் இன்னும் மோசம். சாம்பல் உள்ளே போய் சிலிண்டரை அரித்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டில் வேலை பார்த்தால் உயிருக்கே உலை.

ஆக, இந்த பிளாண்டை விற்பதோடு கதை முடியாது. தினமும் சாம்பல் அள்ளி, மூட்டு பார்த்து, கரி சலிக்கிற மெக்கானிக் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு டப்பா. கருவியும் கவனிப்பும் சேர்ந்தால்தான் சக்கரம் சுற்றும்.

டயர் ரீட்ரெடிங் தொழிற்சாலை, மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று அவர் தொடங்கிய மற்றவையும் பெரும்பாலும் இதே குணம்தான்: இருக்கிற வண்டியை ஓட வைப்பது. 1955 ஏப்ரல் 28-ல், 78 வயதில் மறைந்தார். பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிப் பஸ்களும் மறைந்துவிட்டன.

ஆனால் பாடம் மறையவில்லை. இன்று பெட்ரோல் காருக்கு சி.என்.ஜி. கிட் மாட்டுகிறோமே, அதிலும் இதே கேள்விகள்தான்: வாயு எவ்வளவு இடம் பிடிக்கும், கலவை சரியா, மூட்டு கசிகிறதா, டைமிங் மாற்ற வேண்டுமா? புதுசாகக் கண்டுபிடிப்பவன்தான் என்ஜினியர், பொருத்துகிறவன் வெறும் ஃபிட்டர் என்று நம்மை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. தட்டுப்பாடு வந்த நாளில் ஜனங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பொருத்தும் வேலைதான். ஸ்பேனரைத் தலைநிமிர்ந்து பிடியுங்கள், நண்பர்களே!